இன்ஹேலரும் ஆடாதோடையும் ஒரே அலமாரியில

போன வாரம் மாடிப்படியில கீழ் வீட்டு அக்கா பிடிச்சுக்கிட்டாங்க. "ஏம்மா, ரெண்டு மூணு வருஷம் முன்னாடி மூணாவது மாடி ஏற நாலு தடவை நின்னு நின்னு ஏறுவ, இப்ப காய்கறி பையோட விறுவிறுன்னு ஏறிப் போற, என்ன கஷாயம் குடிக்கற சொல்லேன், எங்க வீட்டுக்காரருக்கும் ராத்திரியானா நெஞ்சு விசில் அடிக்குது"ன்னாங்க. நான் சொன்ன முதல் பதில் "அக்கா, முதல்ல அந்த கொசுவர்த்தியை நிறுத்துங்க". அவங்க முகம் வாடிப்போச்சு. ஏதோ ஒரு மூலிகை பேரு, எந்தக் கடையில கிடைக்கும், காலையில வெறும் வயித்துலயா சாப்பாட்டுக்கு அப்புறமான்னு கேட்டு வச்சுக்கலாம்னு வந்தவங்க, பாவம். என் ஆஸ்துமாவை எப்படி சமாளிக்கறேன்னு படியில நின்னுக்கிட்டே முழுசா சொல்ல முடியலை, அதான் இங்க எழுதறேன், அவங்களுக்கும் லிங்க் அனுப்பிடுவேன்.

அவங்க கேட்டதுல தப்பே இல்லை. நம்ம வீடுகள்ல உடம்பு சரியில்லைன்னா அடுத்த கேள்வியே "என்ன குடிக்கலாம்"ங்கறதுதான். நானும் பல வருஷம் அப்படித்தான் தேடிக்கிட்டு இருந்தேன். ஆனா கொஞ்சம் கணக்கு போட்டுப் பாருங்க. சும்மா உக்காந்திருக்கும்போது ஒரு மூச்சுக்கு சுமார் அரை லிட்டர் காத்து உள்ள போகுது, நிமிஷத்துக்கு 15 மூச்சுன்னு வச்சா ஒரு நாளைக்கு 21,600 மூச்சு. சித்தர் மரபுல சொல்ற கணக்கும் அதேதான், 21,600, சின்ன வயசுல எங்க தாத்தா சொல்லும்போது ஏதோ தத்துவம்னு நினைச்சேன், 15ஐ 60ஆல பெருக்கி அதை 24ஆல பெருக்கினா சரியா அதே நம்பர் வருது. அப்ப ஒரு நாளைக்கு 10,000 லிட்டருக்கும் மேல காத்து உள்ள போயிட்டு வருது. ஒரு டம்ளர் கஷாயம் எவ்வளவு, 150 மில்லி இருக்குமா? அந்த பத்தாயிரம் லிட்டர் எப்படிப்பட்ட காத்துன்னு பாக்காம இந்த 150 மில்லியை மட்டும் நம்பிக்கிட்டு இருந்தேன்ங்கறதுதான் எனக்கு லேட்டா புரிஞ்ச விஷயம்.

என் கதை சுருக்கமா. கும்பகோணம் பக்கத்துல கிராமம், சின்ன வயசுல இளைப்பு இருந்துச்சு, ஊர்ல எல்லாரும் "ஈளை புள்ள"ம்பாங்க. பதிமூணு பதினாலு வயசுல தானா போயிடுச்சு. அப்புறம் கல்யாணம், தாம்பரம் பக்கம் குடித்தனம், முப்பத்தெட்டு வயசுல திரும்ப வந்துச்சு. சின்ன வயசுல வந்து மறைஞ்சது நடு வயசுல திரும்ப வர்றது ஆஸ்துமாவுல சகஜம்தானாம், எனக்கு அப்ப அது தெரியாது, ஏதோ சளி கட்டியிருக்குன்னு ஒரு வருஷம் இருமல் டானிக்லயே ஓட்டினேன். கடைசில ஒரு நெஞ்சு டாக்டர் குழாயில ஊதச் சொல்லி டெஸ்ட் எடுத்தாங்க, மருந்து இழுக்க வச்சு பதினஞ்சு நிமிஷம் கழிச்சு திரும்ப ஊதச் சொன்னாங்க, ரெண்டாவது தடவை நல்லா கூடுதலா வந்தா அது ஆஸ்துமாவோட அடையாளம், எனக்கு வந்துச்சு.

இனிமே வரிசையா சொல்றேன்னு நினைச்சேன், ஆனா வரிசையா வராது, எது எனக்கு அதிகமா உதவிச்சோ அதை அதிகமா சொல்றேன்.

கொசுவர்த்தி. தாம்பரம், செம்பாக்கம், சேலையூர்னு எங்க பக்கமெல்லாம் ஏரி, கால்வாய், காலி மனையில தேங்குற தண்ணி, கொசு சொல்லி முடியாது. எங்க வீட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேத்தறதும் சுருள் ஏத்தறதும் ஒண்ணாவே நடக்கும். ஜன்னலை வேற சாத்திடுவோம், கொசு வரக்கூடாதுன்னு. 2003ல வெளிவந்த ஒரு ஆராய்ச்சில, ஒரு சுருள் முழுசா எரிஞ்சா வெளிய வர்ற நுண்துகள் 75லேந்து 137 சிகரெட் எரியற அளவுக்கு சமம்னு கணக்கு போட்டிருக்காங்க. சிகரெட்டே தொடாத வீடு எங்க வீடு, என் வீட்டுக்காரர் டீக்கடையில யாராவது பத்த வச்சா தள்ளி நிப்பார், ஆனா ராத்திரி மூணு பேரும் சாத்தின ரூம்ல அந்த புகையிலதான் எட்டு மணி நேரம் படுத்திருந்தோம், என் பொண்ணு அப்ப ஒண்ணாம் கிளாஸ். இதைப் படிச்ச அன்னைக்கு எனக்கு சோறு இறங்கலை.

அடுத்த நாளே எல்லா ஜன்னலுக்கும் வெல்க்ரோ ஒட்டற வலை அடிக்க ஏற்பாடு பண்ணினோம், ஆள் வந்து அளவெடுத்துட்டுப் போய் ரெண்டு நாள்ல மாட்டிக் குடுத்துட்டார். கட்டிலுக்கு பழைய காலத்து கொசுவலை. ப்ளக்ல சொருகற லிக்விட் புகை இல்லாததால தேவலைதான், ஆனா எனக்கு அந்த வாசனையே தொண்டையைப் பிடிக்கும், அதனால அதையும் விட்டாச்சு. பாத்ரூம்ல, செடித் தொட்டிக்கு அடியில, ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கற தட்டுல தேங்கற தண்ணியை ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கொட்டறது பொண்ணோட வேலை. ஒரு மாசத்துல ராத்திரி இருமல் பாதியா குறைஞ்சுது. ஒரு புது மருந்தும் சேர்க்கலை அந்த மாசம்.

அப்புறம் ஊதுபத்தி, சாம்பிராணி. இது கொஞ்சம் மனசுக்கு கஷ்டமான விஷயம், எங்க மாமியார் வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாம இருக்க மாட்டாங்க, தலைக்கு குளிச்சுட்டு அந்தப் புகையில முடி காய வைக்கறது எனக்கும் பிடிக்கும். ஆனா புகை புகைதான், கோயில்ல வந்தாலும் குப்பையில வந்தாலும் நெஞ்சுக்குள்ள அதே சுருக்கம்தான். அத்தைகிட்ட நான் நேரா சொல்லலை, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எனக்கு இழுத்தப்ப அவங்களே கட்டில்ல பக்கத்துல உக்காந்து பார்த்தாங்க. அடுத்த வாரத்துலேந்து "பூவும் விளக்கும் போதும், அம்பாளுக்கு தெரியும்"னுட்டாங்க. இப்ப மாசத்துல ஒரு நாள், பால்கனியில, நான் வெளிய போயிருக்கற நேரமா பார்த்து போடறாங்க. அந்த ஒரு விட்டுக்கொடுத்தலுக்கு நான் அவங்களுக்கு எப்பவும் கடமைப்பட்டிருக்கேன்.

சமையலறையில தாளிப்பு. காஞ்ச மிளகாய் கருகற நெடி இருக்கே, அது போதும். சுவத்துல எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தும் சத்தம் கேக்குதுன்னு போடாமலே இருந்தோம் பாருங்க. இப்ப அடுப்பு பத்த வைக்கறதுக்கு முன்னாடி ஃபேன், அணைச்சு பத்து நிமிஷம் கழிச்சுத்தான் ஃபேன் ஆஃப். கேஸ் அடுப்புன்னா புகையே இல்லைன்னு நினைப்போம், கண்ணுக்குத் தெரியலைன்னாலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வருது, மூச்சுக்குழாயை எரிச்சல் பண்ற வாயு அது.

படுக்கை. சென்னை மாதிரி ஈரப்பதம் அதிகமா இருக்கற ஊர்ல தலையணை மெத்தையில கண்ணுக்குத் தெரியாத பூச்சி, டஸ்ட் மைட்டுன்னு சொல்றது, நல்லா பெருகும், நம்ம தோல்லேந்து உதிர்ற செதிலைத் தின்னு வாழுது, அதோட கழிவுதான் நமக்கு ஒத்துக்காதது. ஊர்ல பாட்டி வாரம் ஒரு தடவை பாய் தலையணை எல்லாத்தையும் முத்தத்து வெயில்ல போட்டு தட்டி எடுப்பாங்க, சுத்தத்துக்குன்னு நினைச்சேன், மூச்சுக்கும்தான். நான் இப்ப தலையணை உறை, பெட்ஷீட் எல்லாம் வாரம் ஒரு தடவை வாஷிங் மெஷின்ல 60 டிகிரி வச்சு துவைக்கறேன், அந்த சூட்டுல பூச்சி செத்துடும், அப்புறம் மொட்டை மாடி வெயில். பெருக்கறதுக்கு பதிலா ஈரத்துணி போட்டு துடைக்கறது, ஃபேன் இறக்கைய மாசம் ரெண்டு தடவை துடைக்கறது. கரப்பான் பூச்சியை சாதாரணமா நினைக்காதீங்க, அதோட எச்சமும் ஆஸ்துமாவை நல்லாவே தூண்டும், ராத்திரி சிங்க்ல பாத்திரம் போட்டு வைக்காம இருந்தாலே பாதி குறையும். மூட்டையா கட்டி கட்டிலுக்கு அடியில வச்சிருந்த பழைய துணியெல்லாம் ஒரே நாள்ல வெளியேத்தினோம், அதுல எங்க கல்யாண ஜமக்காளமும் ஒண்ணு.

இதுக்கு நடுவுல காத்தை சுத்தம் பண்ணும்னு சொல்லி ஆறு செடி வாங்கினேன், பாம்புக் கத்தாழை, மணி பிளாண்ட்னு. 1989ல நாசா பண்ணின ஆராய்ச்சியைத்தான் எல்லாரும் சொல்வாங்க, அது காத்துப் போகாத மூடின பெட்டிக்குள்ள பண்ணினது. 2019ல ரெண்டு பேர் பழைய ஆராய்ச்சிகளையெல்லாம் எடுத்து கணக்கு போட்டுப் பார்த்து, நிஜ வீட்டுல ஜன்னல் வழியா காத்து மாறற அளவுக்கு செடி வேலை பார்க்கணும்னா ஒரு சதுர மீட்டருக்கு குறைஞ்சது பத்து செடியாவது வேணும், நூறு ஆயிரம்னு கூடப் போகலாம்னு சொல்லிட்டாங்க. செடி அழகா இருக்கு, இருக்கட்டும், கண்ணுக்கு குளிர்ச்சி. ஆனா மூச்சுக்காக செடி வாங்கற காசுல ஜன்னலுக்கு வலை போடுங்க, வலை இருந்தா ஜன்னலைத் திறந்து வைக்கலாம் இல்லையா, அதான் உண்மையில காத்தை மாத்தறது.

இப்ப எனக்கு நடந்த அந்த ராத்திரியைச் சொல்லணும், சொல்லாம மத்ததை எழுதினா சரியா இருக்காது.

மூச்சுப்பயிற்சி கத்துக்கலாம்னு ஒரு வகுப்புல சேர்ந்தேன். பயிற்சி நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அங்க "இன்ஹேலர் அடிச்சா அது பழக்கமாயிடும், நுரையீரல் சோம்பேறி ஆயிடும், ஒரு மண்டலம், அதாவது 48 நாள், எல்லாத்தையும் நிறுத்திட்டு மூலிகைப் பொடி மட்டும் சாப்பிடுங்க"ன்னு ரொம்ப நம்பிக்கையா சொன்னாங்க. இயற்கைன்னு சொன்னா மனசு உடனே சாஞ்சுடுது, எனக்கும் சாஞ்சுது. காலை சாயங்காலம் எடுக்கற தடுப்பு இன்ஹேலரை நிறுத்தினேன். முதல் மூணு வாரம் ஒண்ணும் ஆகலை, "பாத்தியா"ன்னு வீட்டுக்காரர்கிட்ட பெருமையா சொன்னேன். அது அப்படித்தானாம், தடுப்பு மருந்து மூச்சுக்குழாயோட உள்வீக்கத்தை மெல்ல மெல்ல குறைச்சு வச்சிருக்கும், நிறுத்தினா வீக்கமும் மெல்ல மெல்லத்தான் திரும்ப ஏறும், தெரியவே தெரியாது. நாப்பதாவது நாள் போகி.

சென்னைப் போகி எப்படி இருக்கும்னு சென்னைக்காரங்களுக்கு சொல்ல வேண்டியதில்லை. 2018 ஜனவரி 13 போகி அன்னைக்கு மீனம்பாக்கத்துல ஓடுபாதை தெரியாம விமானங்களை ரத்து பண்ணி திருப்பி விட்டாங்க, பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. பழைய பாய், ஓலை எரிச்ச காலம் வேற, இப்ப டயரு, ரெக்சின், பிளாஸ்டிக் சேர். எனக்கு வந்தது வேற ஒரு வருஷத்துப் போகி. விடியக்காலை நாலரைக்கு நெஞ்சு மேல யாரோ உக்காந்த மாதிரி முழிப்பு வந்துச்சு. எழுந்து உக்காந்தா மூச்சு உள்ள போகுது, வெளிய வரமாட்டேங்குது. அவசரத்துக்கு அடிக்கற நீல இன்ஹேலரை எடுத்தா காலி, நிறுத்தப்போறோமேன்னு புதுசு வாங்கி வைக்கலை. ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலை, "ஆட்டோ"ங்கறதுக்கே ரெண்டு மூச்சு தேவைப்பட்டுச்சு. ஆட்டோல போகற வழியெல்லாம் தெருவுக்குத் தெரு நெருப்பு, அந்தப் புகைக்குள்ளயேதான் போய் ஆகணும். ஆஸ்பத்திரியில நெபுலைசர், ஆக்சிஜன், ஊசி, ரெண்டு நாள். என் பொண்ணு அந்த ரெண்டு நாள்ல என்கிட்ட பேசவே இல்லை, கையை மட்டும் பிடிச்சுக்கிட்டு இருந்தா.

அங்க இருந்த டாக்டரம்மா திட்டலை. ஒரு பேப்பர்ல எழுதிக் காட்டினாங்க. "நீங்க சளிக்கு வாங்கிப் போடற சால்பியூட்டமால் மாத்திரை 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். அதே மருந்து இன்ஹேலர்ல ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். நாப்பதுல ஒரு பங்கு. நேரா போக வேண்டிய இடத்துக்குப் போறதால இவ்வளவு கொஞ்சம் போதும். இதுல எதும்மா ஸ்ட்ராங்கு?" அவ்வளவுதான். பழக்கமாயிடும்ங்கற பயம் அன்னைக்கு போச்சு. ஸ்பேசர்னு ஒரு குப்பி குடுத்தாங்க, அதுல வச்சு இழுத்தா தொண்டையில தங்காம உள்ள போகும், தடுப்பு இன்ஹேலர் அடிச்சு முடிச்சதும் வாய் கொப்பளிச்சு துப்பணும், இல்லைன்னா வாயில வெள்ளையா படியும். அவசரத்துக்கான நீல இன்ஹேலரை மட்டுமே நம்பி காலம் ஓட்டறதும் தப்புன்னு 2019லேந்தே உலக அளவுல ஆஸ்துமா வழிகாட்டுதல்ல சொல்றாங்களாம், உள்வீக்கத்தைக் குறைக்கற மருந்து கூடவே இருக்கணும்னு. இழுக்கும்போது மட்டும் அடிச்சுக்கிட்டு இருக்கறவங்க தயவுசெஞ்சு உங்க டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க.

அப்ப மூலிகையெல்லாம் சும்மாவான்னு கேட்டா, இல்லவே இல்லை, அதைச் சொல்றதுக்கு முன்னாடி எங்க பக்கத்துக் கதை ஒண்ணு. தாம்பரம் சானட்டோரியம் ஸ்டேஷன்ல தினம் இறங்கி ஏறறவங்களுக்கு அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு யோசிக்க நேரம் இருக்காது. 1928ல டாக்டர் சௌரிமுத்துன்னு ஒருத்தர் காசநோய்க்காக அங்க ஆரம்பிச்ச சானட்டோரியத்தாலதான் அந்தப் பேரு. அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல மெண்டிப் மலையில காசநோய் சானட்டோரியம் நடத்தினவர் அவர். காசநோய்க்கு மாத்திரையே கண்டுபிடிக்காத காலம், நல்ல காத்து, வெளிச்சம், ஓய்வு, சத்தான சாப்பாடு, இதுதான் அங்க வைத்தியம். இன்னைக்கு அது அரசு நெஞ்சக நோய் ஆஸ்பத்திரி. அதே சானட்டோரியத்துலதான் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் இருக்கு. ஆங்கில மருத்துவமும் சித்தமும் பக்கத்துல பக்கத்துல. நல்ல காத்தே மருந்துன்னு இருந்த இடத்துல இது ரெண்டும் சேர்ந்து நிக்கறதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிம்மதி, நான் ஏன் ரெண்டுல ஒண்ணைத்தான் பிடிச்சுக்கணும்னு நினைச்சேன்னு தோணும்.

ஆஸ்பத்திரிலேந்து வந்து ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சித்த டாக்டரைப் பார்த்தேன், முறையா படிச்சவர். அவர் முதல் கேள்வியே "என்ன இன்ஹேலர் எடுக்கறீங்க, அதை நிறுத்தாதீங்க, இங்க குடுக்கறது கூடவே"ன்னுதான். அப்பதான் ஆடாதோடை பத்தி சொன்னார். எங்க ஊர்ல வேலி முழுக்க அதுதான், ஆடு வாயே வைக்காது, அதனாலதான் அந்தப் பேருன்னு பாட்டி சொல்வாங்க. அதுல இருக்கற வாசிசின்ங்கற பொருளை அடிப்படையா வச்சுத்தான் ப்ரோம்ஹெக்சின்ங்கற சளி கரைக்கற மருந்தையே செஞ்சாங்களாம், நம்ம மெடிக்கல் ஷாப்ல இருமல் டானிக் பாட்டில் பின்னாடி அந்தப் பேரு இருக்கும், பாருங்க. ஆம்ப்ராக்சால்னு இன்னொண்ணு இருக்குமே, அதுவும் அதே வம்சம்தான். எனக்கு பாட்டி கிராமத்து வேலியிலேந்து பறிச்சு மிளகோட கொதிக்க வச்சுக் குடுத்த கசப்புத் தண்ணியும் இந்த டானிக்கும் சொந்தக்காரங்கன்னு தெரிஞ்சப்ப கண்ணு கலங்கிடுச்சு. ஆனா ஒண்ணு, சளி கெட்டியா இருக்கறப்பதான் அது உதவும், மூச்சுக்குழாய் சுருங்கி இழுக்கும்போது அது போதாது. கர்ப்பமா இருக்கறவங்க ஆடாதோடை தொடவே கூடாது, கருப்பையை சுருங்க வைக்கும்.

வீட்டுல வழக்கமா பண்றதுன்னா முசுமுசுக்கை அடை. இலை சொரசொரன்னு இருக்கும், புழுங்கலரிசி ஊற வச்சு, இலை, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் போட்டு கொரகொரப்பா அரைச்சு நல்லெண்ணெய் விட்டு சுட்டா என் பொண்ணு நாலு சாப்பிடுவா. தாம்பரம் மார்க்கெட்ல கீரை விக்கற அம்மாகிட்ட முதல் நாளே சொல்லி வச்சா கொண்டு வருவாங்க. தூதுவளை தொட்டியிலயே வளரும், முள்ளு மட்டும் பார்த்து கிள்ளணும், நெய்யில வதக்கி புளி, மிளகாய், உளுத்தம்பருப்பு வச்சு துவையல், சூடான சோத்துல பிசைஞ்சு. கற்பூரவல்லி பால்கனியில ஒரு குச்சி நட்டது இப்ப புதரா ஆயிடுச்சு, சளி பிடிச்சா ரெண்டு இலை ரசத்துல. கொள்ளு ரசம், சுக்கு காபி. இதெல்லாம் ஆஸ்துமாவை குணமாக்கும்னு நான் சொல்லமாட்டேன், தொண்டைக்கு இதம், பசி எடுக்கும், சளி இளகும், சூடா ஒண்ணு உள்ள போனா மனசும் கொஞ்சம் இளகும், அது போதும் எனக்கு.

கவனமா இருக்க வேண்டியது சிலது இருக்கு, இதை யாரும் சொல்லமாட்டேங்கறாங்கன்னுதான் எனக்கு வருத்தம். அதிமதுரம் தினமும் வாயில போட்டு மென்னுக்கிட்டே இருந்தா பிரஷர் ஏறும், உடம்புல பொட்டாசியம் குறையும், எங்க அம்மா பிரஷர் மாத்திரை போட்டுக்கிட்டே மூணு மாசமா தொண்டைக்குன்னு அதை மென்னுக்கிட்டு இருந்தாங்க, டாக்டர் கேட்டப்பதான் தெரிஞ்சுது, நிறுத்தினதும் பிரஷர் கட்டுக்கு வந்துச்சு. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு தேன் நாக்குல தடவவே கூடாது. தேங்காயெண்ணெயில கற்பூரத்தை காய்ச்சி பச்சக் குழந்தை நெஞ்சுல தடவறது நம்ம பக்கம் பழக்கம், கற்பூரம் குழந்தைக்கு வலிப்பு வரவைக்கற அளவுக்கு போகலாம், வேண்டாம். ஆவி பிடிக்கறது மூக்கடைப்புக்கு நல்ல இதம், நொச்சி இலை வாசனையே தனி, ஆனா கொதிக்கற பாத்திரத்தை வச்சு போர்வையை மூடி குழந்தையை உக்கார வச்சா ஒரு தட்டு தட்டினா போச்சு, வெந்துடும். இழுப்பு இருக்கற நேரத்துல எனக்கு ஆவி இன்னும் திணற வைக்கும், சிலருக்கு அப்படி ஆகும், அதனால அந்த நேரத்துல கிட்டயே போறதில்லை.

மூச்சுப்பயிற்சிக்கு வர்றேன். அந்த வகுப்புல ஒரு அறிவுரை தப்பா இருந்துச்சுன்னு பயிற்சியையே விட்டுடலை. ஆஸ்பத்திரியில பிசியோ தங்கச்சி ஒருத்தங்க கத்துக்குடுத்தது இன்னைக்கு வரைக்கும் எனக்கு கை கொடுக்குது. ஆஸ்துமாவுல காத்து உள்ள வர்றதைவிட வெளிய போறதுலதான் சிக்கல், பழைய காத்து உள்ளயே தேங்கிடும், அந்த பயத்துல நாம இன்னும் இன்னும் இழுப்போம். அதனால மூக்கு வழியா ரெண்டு எண்ற வரைக்கும் இழுத்து, உதட்டைக் குவிச்சு, சூடான காபியை ஊதி ஆத்தற மாதிரி நாலு எண்ற வரைக்கும் மெதுவா விடணும். மாடி ஏறும்போது இதைத்தான் பண்றேன், ரெண்டு படிக்கு இழுக்கறது, நாலு படிக்கு விடறது. தோள் தூக்காம வயிறு எழும்பி இறங்கணும், பாயில மல்லாந்து படுத்து வயித்து மேல சின்ன தலையணையை வச்சு அது ஏறி இறங்கறதைப் பார்த்தா பிடிபடும், தூங்கற குழந்தை வயித்தைப் பாருங்க, நமக்கெல்லாம் பொறந்தப்ப தெரிஞ்சதுதான்.

காலையில நாடி சுத்தி, அதாவது ஒரு மூக்குத் துவாரம் மாத்தி ஒண்ணுல மூச்சு விடறது, பத்து நிமிஷம். அப்புறம் பிராமரி, வண்டு மாதிரி ம்ம்ம்னு ரீங்காரம் பண்றது. இதுல ஒரு அதிசயம் இருக்கு, மூக்கைச் சுத்தி இருக்கற எலும்புக் குழிகள்ல நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு உருவாகுது, அது ரத்தக்குழாயை தளர்த்தும், ரீங்காரம் பண்ணும்போது மூக்குல அந்த வாயு சும்மா மூச்சு விடறதைவிட 15 மடங்கு கூடுதுன்னு 2002ல ஸ்வீடன்ல அளந்து பார்த்திருக்காங்க. 2001ல இத்தாலியில ஜெபமாலை சொல்றவங்களையும் மந்திரம் சொல்றவங்களையும் வச்சுப் பார்த்தப்ப ரெண்டு பேருக்கும் மூச்சு நிமிஷத்துக்கு ஆறா இறங்கியிருக்கு, இதயத்துடிப்பும் ரத்த அழுத்தமும் அதோட தாளத்துக்கு ஒத்துப் போகுதாம். எங்க அத்தை சாயங்காலம் ராகமா ஸ்லோகம் சொல்வாங்க, இப்ப நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன், சாம்பிராணி இல்லாம.

இந்தப் பயிற்சியெல்லாம் ஆஸ்துமாக்காரங்களுக்கு பயத்தைக் குறைச்சு, அன்றாட வாழ்க்கையை சுலபமாக்கும்னு ஆராய்ச்சிகள்லயும் வந்திருக்கு, மருந்துக்கு பதிலா இல்லை, மருந்தோட கூட. கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேகமா பண்றதை நான் பண்றதில்லை, வேகமா மூச்சு விட்டா மூச்சுக்குழாய் உலர்ந்து எனக்கு இழுக்க ஆரம்பிச்சுடும், பிரஷர் இருக்கறவங்களும் கர்ப்பிணிகளும் கேக்காம பண்ணக்கூடாது.

வேற சின்னச் சின்னது: ராத்திரி சாப்பாட்டை ஏழரைக்குள்ள முடிச்சுக்கறேன், சாப்பிட்ட உடனே படுத்தா புளிச்சு மேல வந்து இருமல் கிளப்பும். நடை தினமும் நாப்பது நிமிஷம், ஆனா மார்கழி தை விடியக்காலையில பனியும் புகையும் தரையோட தங்கியிருக்கும், அந்த ரெண்டு மாசம் மட்டும் சாயங்காலம். காத்து தரத்தை போன்ல பார்த்துட்டுத்தான் இறங்கறேன், ஒரு நாள் சராசரியா PM2.5ங்கற நுண்துகள் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2021ல சொல்லிடுச்சு, நம்ம நாட்டு அளவு 60. போகிக்கு முதல் நாளே பொண்ணையும் கூட்டிக்கிட்டு கும்பகோணம் போயிடறேன்.

அப்புறம் பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு ஊதற கருவி, காத்தை எவ்வளவு வேகமா வெளிய ஊத முடியுதுன்னு காட்டும், மெடிக்கல்ல கிடைக்கும், காலையில மூணு தடவை ஊதி அதுல பெருசை நோட்டுல எழுதி வைக்கறேன். என்னோட நல்ல நாள் அளவு 380. அதுல 80 சதவீதத்துக்கு மேல இருந்தா பச்சை, 50லேந்து 80 வரைக்கும் மஞ்சள், அதுக்குக் கீழ போனா கஷாயம் வைக்கற நேரமில்லை, ஆஸ்பத்திரி. என்ன அருமைன்னா உடம்பு உணர்றதுக்கு முன்னாடியே நம்பர் இறங்க ஆரம்பிச்சுடும். அந்த மண்டலம் நான் இதை ஊதியிருந்தா போகிக்கு பத்து நாள் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

அலமாரியில இப்ப மேல் தட்டுல ரெண்டு இன்ஹேலர், ஸ்பேசர், கருவி, நோட்டு, பக்கத்துலயே ஆடாதோடைப் பொடி டப்பா, சுக்கு, மிளகு. நீல இன்ஹேலர் எப்பவும் ரெண்டு, ஒண்ணு கைப்பையில.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே கீழ் வீட்டு அக்கா பையன் மேல வந்தான். வலை அடிக்கறவர் நம்பர் வேணுமாம், கூடவே அம்மா முசுமுசுக்கை கொஞ்சம் இருந்தா வாங்கிட்டு வரச் சொன்னாங்களாம். ரெண்டும் குடுத்தேன். ஞாயித்துக்கிழமை அவரையும் கூட்டிக்கிட்டு வரச்சொல்லியிருக்கேன், ஊதிப் பார்க்கலாம்னு, அப்புறம் நானே சானட்டோரியத்துக்கு கூட்டிக்கிட்டுப் போறேன்னிருக்கேன், திங்கக்கிழமை காலையில ஓ.பி. சீட்டுக்கு சீக்கிரம் கிளம்பணும்.